பூஸ்ட் லீக் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தொழில் பழகும் தம்பி ஒருவன், டீசல் வண்டியின் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, இன்டர்கூலர் ஹோஸ் முழுக்கச் சோப்பு நீர் தெளித்துக்கொண்டிருந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. "லீக் இல்லண்ணே, டர்போதான் போயிருக்கு" என்றான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் சொன்ன அதே வார்த்தை.

டர்போ அழுத்தி, இன்டர்கூலரில் குளிரவைத்து இன்ஜினுக்குள் அனுப்பும் காற்றுதான் பூஸ்ட்; அது வழியில் கசிவதுதான் பூஸ்ட் லீக். கிளாம்ப் லூசா, ஹோஸ் கழன்றதா என்பதையெல்லாம் யாரும் பார்த்துவிடுவார்கள். அதைத் தாண்டி வருகிற தவறுகள் இவை.

ஐடிலில் லீக் தேடுவது

ஐடிலில் டர்போ அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் தருவதில்லை. வண்டி இழுக்கும்போதுதான் ஹோஸுக்குள் அழுத்தம் ஒரு பார் (அழுத்தத்தின் அலகு), சில வண்டிகளில் அதற்கும் மேல் ஏறும். அப்போதுதான் கீறல் வாய் திறக்கும்; மற்ற நேரம் உதடு மாதிரி மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக இருக்கும். கையால் ஹோஸை வளைத்து, அடிப்பக்கம் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்.

பி0299 வந்ததும் டர்போவை மாற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மேட்டில் பிக்கப் இல்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கரும்புகை, கூடவே 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் என்று ஒரு வண்டி வந்தது. ஸ்கேனரில் பி0299. கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அந்தப் பிழைக் குறியீடு எதுவும் சொல்லவில்லை. நான்தான் அதை 'டர்போ காலி' என்று படித்துக்கொண்டேன். இரண்டு நாள் மெனக்கெட்டுப் புது டர்போ மாட்டி, ஓட்டிப் பார்க்கப் போனேன். முதல் மேட்டிலேயே அதே உஸ்ஸ்.

திரும்பி வந்து அடியில் படுத்துப் பார்த்தால், ஹோஸ் வளைகிற இடத்தில் ஒரு பிராக்கெட் உரசி, விரல் நீளத்துக்குக் கிழிசல். ஒரு ஹோஸோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. டர்போவின் விலை என் கையிலிருந்து போனது. ஆனால் எரிச்சல் பணத்தால் இல்லை. அந்த இடத்தில் எண்ணெய்யும் தூசியும் சேர்ந்த கறுப்புக் கறை இருந்ததை முதல் நாளே பார்த்தேன். டர்போவைக் கழற்றும்போது கை வழுக்குகிறதே என்று நானே அதைத் துணியால் துடைத்தும் விட்டேன்!

இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவியோடு வரும் எண்ணெய் இந்தக் குழாய்களின் உட்புறத்தில் லேசாகப் படிந்திருப்பது சகஜம். காற்று கசியும் இடத்தில் அது வெளியே வந்து, தூசியைப் பிடித்து, இங்கேதான் என்று விரல் நீட்டிக் காட்டும். அதனால் தேடி முடிக்கும்வரை இன்ஜினைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள்.

லீக்கோடு ஓட்டினால் நல்ல டர்போவும் கெடும். போகிற காற்றை ஈடுகட்ட, கம்ப்யூட்டர் டர்போவை வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றவைக்கும். கிழிந்த ஹோஸில் புது டர்போ மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

வேக்யூம் ஆக்டுவேட்டர் (வெற்றிடத்தால் ராடை இழுக்கும் டப்பா) உள்ள டர்போ என்றால், கழற்றும் முன் இன்னொன்றும் பாருங்கள். உள்ளிருக்கும் இலைகளின் கோணம் மாறும் டர்போக்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆக்டுவேட்டரின் ராடு இழுபட வேண்டும், நிறுத்தினால் திரும்ப வேண்டும். அசையவில்லையா? பென்சில் தடிமன்கூட இல்லாத அந்த வேக்யூம் ஹோஸை முதலில் சந்தேகப்படுங்கள்.

காற்றுக் கம்ப்ரசரை நேராகத் திறந்துவிடுவது

ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் வால்வு வைத்த மூடியை இறுக்கி, காற்று ஏற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. ஆனால் ரெகுலேட்டர் வழியாக, மெதுவாக. பெரும்பாலும் ஒரு பார் போதும். வண்டியின் சொந்த பூஸ்டைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ரெகுலேட்டரைக் கவனிக்காமல் திறந்து, மூடி தெறித்து பானெட்டில் பள்ளம் விழுந்தது. நான் ஓரமாக நின்றதால் தப்பித்தேன்.

கிராங்க்கேஸ் ஆவியை வெளியே விடும் பிரீத்தர் ஹோஸை அடைத்துவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். சைலென்சரிலோ ஆயில் மூடியிலோ லேசாகக் காற்று வந்தால் பதறாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

மேப் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது

இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது இந்தச் சென்சார். இன்ஜின் நிற்கும்போது ஒரு பார் காட்டினால் அது வெளிக்காற்றின் அழுத்தம். அதை வைத்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடித்துத் தேடுவது

கூடவே கூடாது. பூஸ்ட் லீக்கில் காற்று வெளியேதான் வரும்; இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவும் அந்த ஸ்ப்ரேயை உள்ளே இழுக்காது. சூடான டீசல் இன்ஜின் பக்கத்தில் அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும்.

டேப் சுற்றுவது

வீடு போய்ச் சேரும்வரை. அதுவும் சந்தேகம்.

ஹோஸ் ஏற எண்ணெய் தடவுவது

வழுக்கி ஏறியது, பூஸ்டில் வழுக்கிக் கழன்றும் விடும். குழாயின் கழுத்தையும் ஹோஸின் உட்புறத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். கிளாம்ப், கழுத்தில் இருக்கும் மேட்டு வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. கம்பிப் பூட்டு வகை என்றால் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள்.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம். மூடியை மாட்டிக் காற்று ஏற்றினோம். அரை பார்கூடத் தொடவில்லை, இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் நுரை பொங்கியது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் ஆர்டர் கொடுத்திருந்த டர்போவை வேண்டாம் என்று சொல்ல ஃபோனை எடுத்தான்.