அலங்கரித்த பெட்டிக்கு டரான்டுலா தேடும்போது நேரும் தவறுகள்

டரான்டுலா வளர்க்கத் தொடங்குவோரில் பலர் சிலந்தியைத் தீர்மானிப்பதற்கு முன்பே பெட்டியை வாங்கிவிடுகின்றனர். மண் கொட்டி, மரப்பட்டையைச் சாய்த்து, பாசி பதித்து, ஓரிரு செடிகளும் நட்டு முடித்த பிறகுதான் இதற்குள் எந்த இனத்தை விடலாம் என்ற கேள்வி எழுகிறது. இந்த வரிசையே தலைகீழானது என்று கண்டிப்பவர்கள் உண்டு; நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். பெட்டியை முதலில் அமைத்துவிட்டு அதற்கேற்ற சிலந்தியைத் தேடுவதில் பிழையொன்றும் இல்லை. ஆனால், அந்தப் பெட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிழைகள் வரிசையாக வந்து சேரும்.

எட்டுக் கண்கள் இருந்தாலும் டரான்டுலாவின் பார்வை மிகவும் மங்கலானது. வெளிச்சத்தையும் இருளையும் அருகில் ஏற்படும் அசைவையும் உணர்வதற்கு மேல் அந்தக் கண்கள் அதிகம் உதவுவதில்லை. கால்களிலும் உடலிலும் உள்ள மயிர்களின் வழியாக, தொடுகையாலும் அதிர்வாலும்தான் அது தன் சுற்றுப்புறத்தை அறிகிறது. எனவே பின்னணிச் சுவரின் நிறமும் பாறையின் அழகும் நமக்காக மட்டுமே உள்ளவை. சிலந்தியைப் பொறுத்தவரை மண் தோண்டத் தக்கதா, எவ்வளவு ஆழமானது, ஈரம் எத்தனை நாள் நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது, உடல் முழுவதும் ஒதுங்கும்படியான இருட்டு இடம் உள்ளதா என்பவையே பெட்டியின் அடையாளம். இனத்தைத் தேடுவதற்கு முன் ஓர் அளவுகோலை எடுத்து, மண்ணின் ஆழத்தையும் மண்பரப்பிலிருந்து மூடி வரையுள்ள உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு எண்களே பாதி இனங்களைக் கழித்துவிடும்.

உயரத்தைக் கவனிக்காமல் விடுவதே இவற்றுள் மிகக் கொடிய தவறு. கடைகளில் கிடைக்கும் அழகான கண்ணாடிப் பெட்டிகளில் பல, மரத்தவளைகளையும் பல்லிகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவை உயரமாக இருக்கும். அவற்றுள் பிராக்கிபெல்மா ஹமோரி, கிராமோஸ்டோலா புல்கிரைப்ஸ் போன்ற, தரையில் வாழும் கனத்த உடல் கொண்ட இனங்களை விடுவது ஆபத்தானது. தரைவாழ் இனம் ஏறாது என்று பலர் நம்புகின்றனர். அது தாராளமாக ஏறும். ஆனால் பிடி தவறி விழுந்தால் அதன் வயிற்றுப்பகுதி வெடித்துவிடக்கூடும், அந்தக் காயத்திலிருந்து மீள்வது அரிது. மண்பரப்பிலிருந்து மூடி வரையுள்ள இடைவெளி, சிலந்தியின் விரித்த கால்களின் அளவைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வளர்ப்போர் பின்பற்றும் அளவு. 30 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் 5 செ.மீ. மண் போட்டிருந்தால் 25 செ.மீ. வெற்றிடம் மிஞ்சுகிறது. கால்விரிவு 12 செ.மீ. உள்ள சிலந்திக்கு 18 செ.மீ.தான் உச்ச அளவு என்பதால், குறைந்தது 12 செ.மீ. ஆழத்துக்காவது மண் நிரப்பியாக வேண்டும். அப்படி நிரப்பினால் பார்த்துப் பார்த்து வைத்த பாறைகளில் பாதி புதைந்துவிடும் என்ற வருத்தம் நியாயமானதே. ஆயினும் புதைய வேண்டியது பாறைதான். கூரிய கற்களும் முள்ளுள்ள கள்ளிகளும் விழும் இடத்தில் இருந்தால் குறைந்த உயரமும் பாதுகாப்பளிக்காது என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். கம்பிவலை மூடி இருந்தால் அதை மாற்றி, சிறு துளைகளிட்ட அக்ரிலிக் தகடு பொருத்துவது நல்லது. தலைகீழாக நடக்கும் சிலந்தியின் கால்நகங்கள் வலைக்கண்ணில் சிக்கி, அது காலையே இழக்க நேரிடுகிறது.

இதற்கு நேர்மாறான தவறு ஆழத்தில் நிகழ்கிறது. மியான்மரிலும் தாய்லாந்திலும் வாழும் சிரியோபாகோபஸ் லிவிடஸின் கருநீலக் கால்களைப் படத்தில் கண்டு மயங்கி, நான்கு விரற்கடை மண்ணுள்ள பெட்டிக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கின்றனர். அது ஆழமாக வளை தோண்டி வாழும் இனம். கால்விரிவைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழமுள்ள, சற்று அழுத்திய ஈரமண் அதற்குத் தேவை. அது கிடைக்காவிட்டால் ஒளிய இடமின்றி, எப்போதும் தற்காப்பு நிலையில், முன்கால்களைத் தூக்கியபடியே நிற்கும். கிடைத்துவிட்டாலோ உரிமையாளர் காண்பது பெரும்பாலும் ஒரு துளையை மட்டுமே. அலங்கரித்த பெட்டியின் நடுவே சிலந்தி உலாவ வேண்டும் என்பது விருப்பமானால், வளைவாழ் இனங்களை நாடாமல் இருப்பதே நேர்மையான முடிவு. தூய மணலை அடிமண்ணாக இட்ட பாலைவனக் காட்சிப் பெட்டிகளும் இவற்றுக்கு உதவாது. மணலில் தோண்டிய வளை நிற்காமல் சரிந்துவிடும். உரமும் பூச்சிமருந்தும் கலக்காத தோட்டமண்ணும் தேங்காய் நார்த்தூளும் சேர்ந்த கலவை வளையைத் தாங்கி நிற்கும்.

என் பார்வையில் மிக அழகான பெட்டிகளே பெரும்பாலும் எந்த இனத்துக்கும் பொருந்தாதவையாக அமைகின்றன. கொஞ்சம் உயரம், கொஞ்சம் ஆழம், ஒரு மூலையில் பாசி, மறுமூலையில் மணல், நடுவே கிடைமட்டமாக ஒரு கிளை என்று எல்லாவற்றிலும் சிறிது வைக்கப்பட்டிருக்கும். மரத்தில் வாழும் அவிகுலாரியா அவிகுலாரியாவுக்கு வேண்டியது மேற்பகுதி வரை நிமிர்ந்து நிற்கும் ஒரு கார்க் பட்டையும், அதன் உச்சியில் வலைக்குழாய் கட்டுவதற்கு இலைகளோ குச்சிகளோ தரும் பிடிமானமும். தரையில் கிடக்கும் கிளையால் அதற்குப் பயனில்லை. இத்தகைய நடுத்தரப் பெட்டிக்கு ஓர் இனத்தை வலிந்து பொருத்துவதைவிட, உயரமா ஆழமா என்பதை முடிவு செய்து ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருத்துவதே எளிது.

ஈரத்தில் நிகழும் தவறுகள் மெதுவாகவே வெளிப்படுகின்றன. மழைக்காட்டைப்போல அமைத்த பெட்டி என்பதால் மழைக்காட்டு இனமொன்றைத் தேர்ந்தெடுத்து, ஈரப்பதம் குறையக்கூடாது என்று காற்றுத்துளைகளை அடைத்துவிடுகின்றனர். அவிகுலாரியா இனங்களும் மார்டினிக் தீவைச் சேர்ந்த கரிபெனா வெர்சிகலரும் காட்டில் வாழ்வது உண்மைதான். ஆனால் அவை வாழ்வது காற்று ஓடும் மரக்கிளைகளில். புழுங்கிய, தேங்கிய ஈரக்காற்றில் அவை விரைவில் நலிந்து இறக்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களில் துளைகளும், நீருள்ள ஒரு சிறு கிண்ணமும், அவ்வப்போது ஒரு மூலையில் ஊற்றும் சிறிது நீரும் அவற்றுக்குப் போதுமானவை. வெனிசுவேலாவின் வறண்ட பராகுவானா தீபகற்பத்திலிருந்து வரும் குரோமடோபெல்மா சயனியோபியூபசென்ஸின் நிலை இன்னும் தெளிவானது: பச்சைப்பாசி போர்த்திய பெட்டியில் அதை விடுவது எவ்வகையிலும் பொருந்தாது. உயிருள்ள செடிகள் விளக்கையும் தொடர்ந்த நீரையும் கேட்கும், வறண்ட மண்ணை நாடும் சிலந்தி இரண்டையும் வெறுக்கும். இவ்விடத்தில் செடியும் சிலந்தியும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும் என்று எதிர்பார்க்கக்கூடாது. செடிகள் கட்டாயம் வேண்டுமென்றால் மிதமான ஈரத்தைத் தாங்கும் மரவாழ் இனமே ஏற்றது. நாற்றங்காலிலிருந்து வரும் செடியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும், அது பூச்சியைக் கொல்வதுபோலவே சிலந்தியையும் கொல்லும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

அலங்காரம் அப்படியே நிலைத்திருக்கும் என்று எண்ணுவதும் ஒரு தவறுதான். மத்திய அமெரிக்காவின் சுருள்மயிர்ச் சிலந்தியான ட்லில்டோகாட்ல் ஆல்போபிலோசஸ் அமைதியானது, ஈரத்திலும் வறட்சியிலும் சமாளிக்கக்கூடியது, புதியவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் இனம். ஆனால் அது ஒரு புல்டோசர். வைத்த மரப்பட்டையின் அடியைத் தோண்டி, மண்ணை நீர்க்கிண்ணத்தில் கொட்டி, பாசியைப் பெயர்த்து வேறிடத்தில் குவிக்கும். மேலே சொன்ன குரோமடோபெல்மாவோ தோண்டுவதைவிட நெய்வதையே விரும்பும். குச்சிகளும் வேர்களும் நிறைந்த வறண்ட பெட்டியைச் சில வாரங்களில் வெள்ளை வலையால் மூடிவிடும். நெருக்கமாக அலங்கரித்த வறண்ட பெட்டி கையில் இருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான இனத்தை என்னால் நினைக்க முடியவில்லை. அவர் வைத்த ஒவ்வொரு குச்சியையும் சிலந்தி பிடிமானமாகப் பயன்படுத்தும், ஆனால் அவற்றில் ஒன்றும் வெளியே தெரியாது. கண்ணாடி பளபளவென்று இருக்க வேண்டும் என்பவர்கள், அவிகுலாரியா தன் கழிவைச் சுவர்மீது பீய்ச்சும் பழக்கமுடையது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கதவு எங்கே திறக்கிறது என்பதை இனத்தோடு சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. மரவாழ் சிலந்தி உச்சியில் கூடு கட்டும். மேல்மூடி மட்டும் உள்ள பெட்டியில் அதற்கு உணவிட ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கூடு கிழியும். எனவே அதற்கு முன்பக்கக் கதவு வேண்டும். ஆழமான மண் தேவைப்படும் இனத்துக்கு முன்பக்கக் கதவு பெரும்பாலும் மண்ணளவை மட்டுப்படுத்திவிடும். வேகமான இனங்களில் இது பாதுகாப்புப் பிரச்சினையாகவும் மாறுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பொய்சிலோதீரியா பேரினச் சிலந்திகளுக்கு அமெரிக்க இனங்கள் பலவற்றுக்கு உள்ள அரிப்பு மயிர்கள் இல்லை. அவற்றின் தற்காப்பு வேகமும் கடியும்தான், கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு ஏற்படும். இவ்வினத்துக்கு நெருக்கமான அலங்காரம் மிகவும் பிடிக்கும். பத்து மறைவிடங்கள் உள்ள பெட்டியில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையை நுழைப்பவருக்கு அதே அலங்காரம் ஆபத்தாகும். முதல் சிலந்தியாக இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நிறத்தைப் படத்தில் பார்த்து, அலங்காரத்துக்கு ஒத்துப்போகும் என்று வாங்குவது ஏமாற்றத்தில் முடியலாம். கரிபெனா வெர்சிகலரின் குஞ்சு பளிச்சென்ற நீலம். வளர வளரப் பச்சையும் சிவப்பும் ஊதாவும் கலந்த வேறொரு சிலந்தியாக அது மாறும். நகத்தளவு குஞ்சைப் பெரிய பெட்டியில் விட்டால் அது உண்கிறதா, தோலுரிக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாமல் போகும். பெட்டி தயாராக இருக்கிறது என்பதற்காகக் குஞ்சை அதில் விடாமல், சிறு டப்பாவில் வளர்த்துப் பின்னர் மாற்ற வேண்டும். கிராமோஸ்டோலா பேரினம் மிக மெதுவாக வளர்வதால், அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். காத்திருக்க மனமில்லாதவர் ஓரளவு வளர்ந்த பெண் சிலந்தியை வாங்கலாம். முதிர்ந்த ஆணின் ஆயுள் குறுகியது. பல இனங்களில் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

வாங்கும்போது வழக்குப்பெயரை நம்பாமல் அறிவியல் பெயரைக் கேட்க வேண்டும். மெக்சிகோவின் செம்முட்டிச் சிலந்தியாக நெடுங்காலம் பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்பது 2017இல்தான் தெளிவாயிற்று. பிராக்கிபெல்மா பேரினமும், 2019 முதல் பொய்சிலோதீரியா பேரினமும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து பிடிக்கப்படாமல், வளர்ப்பில் பிறந்த சிலந்திதானா என்பதை ஆவணத்தோடு உறுதிசெய்துகொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

இனம் முடிவான பிறகும் சிலந்தியை அன்றே உள்ளே விட வேண்டியதில்லை. புதிய மரப்பட்டையில் பூஞ்சணம் பூக்கும், சிலிக்கான் பசையின் வாடை அடங்க நாளாகும், மண் எத்தனை நாளில் காய்கிறது என்பதும் சில வாரங்கள் கவனித்தால்தான் தெரியும். உள்ளே விட்ட பின் முதல் சில நாள்கள் அது ஒரு மூலையில் ஒடுங்கியோ சுவரில் ஒட்டியோ இருப்பது இயல்பே. ஆனால் தரைவாழ் சிலந்தி வாரக்கணக்கில் மண்ணில் கால் வைக்காமல் கண்ணாடியிலேயே தங்கினால், மண் அதற்கு அளவுக்கு மீறி ஈரமாக இருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்து, காயவிட்டு, ஒரு மூலையில் மட்டும் ஈரம் வைத்தால் பெரும்பாலும் அது இறங்கி வந்துவிடும்.