களைத்த உடம்புக்கு முதலில் ஓய்வு: குடியிருப்புப் பெண்களுக்கு யோகா வகுப்பு தொடங்குவது எப்படி?

"குனிந்து நிமிர்வதைத்தானே அம்மா விடியற்காலையிலிருந்து செய்கிறோம்?"

சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில், என் முதல் வகுப்பில், தூய்மைப் பணியாளர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நான் சூரிய நமஸ்காரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரு கூட்டி வந்தவருக்கும், தலையில் செங்கல் சுமந்து வந்த சித்தாளுக்கும் மேலும் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கு அசைவு வேண்டும். நாள் முழுவதும் உடலால் உழைப்பவருக்கு முதலில் படுக்க ஓர் இடம் வேண்டும். இந்த விளக்கம் முழுவதையும் அந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

1. வகுப்புக்கு முன் இரண்டு வாரம்

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற இடங்களில் வாழ்பவர்களில் பலர் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள். வேலை பழைய இடத்திலேயே இருப்பதால் தினமும் நீண்ட பஸ் பயணம். "காலை ஆறு மணி யோகாவுக்கு உகந்த நேரம்" என்று போய் நின்றால், அந்த நேரத்தில் அவர்கள் தண்ணீர்க் குடத்தோடு நிற்பார்கள், அல்லது பஸ்ஸில் இருப்பார்கள்.

ஆகவே முதலில் எதையும் கற்பிக்காமல் போய் உட்காருங்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் ஒரு மூலையில் இடம் கேளுங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, எந்த நாளில் கூலி, எந்த நேரத்தில் கால் நீட்டி உட்கார முடிகிறது என்று விசாரியுங்கள். நான் போன இடத்தில் கிடைத்த பதில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. வாரத்துக்கு ஒரு வகுப்புதான் முடியும் என்றால் ஒன்றே போதும். அந்த ஒன்றைத் தவறவிடாதீர்கள். வந்து ஆசைகாட்டிவிட்டுக் காணாமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

2. இடமும் துணியும்

அங்கன்வாடியோ சமுதாயக் கூடமோ போதும். வெளியிலிருந்து ஆண்கள் எட்டிப் பார்க்க முடியாத இடமா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மொட்டை மாடியில் வகுப்பு வைத்தபோது எதிர் மாடிக்குப் பயந்து ஒருவரும் படுக்கவில்லை.

யோகா விரிப்பு வாங்கச் சொல்லாதீர்கள். கோரைப்பாய், மடித்த பழைய புடவை, நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சுவர். புடவையோடும் நைட்டியோடும் செய்ய முடியாத ஆசனம் எதுவும் வேண்டாம். குழந்தைகள் கூடவே வருவார்கள், விடுங்கள். பிள்ளையை விட்டுவர ஆளில்லாதவர்தான் வகுப்பு மிகவும் தேவைப்படுபவர்.

3. உடல்நிலையைத் தனியாகக் கேளுங்கள்

கூட்டத்தின் நடுவே "யாருக்கு என்ன நோய்?" என்று கேட்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில் கேட்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை, கண் நீர் அழுத்தம் (குளுக்கோமா), குடலிறக்கம், கருப்பை இறக்கம். கடைசியாகச் சொன்னதைப் பெண்கள் வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்துவைப்பார்கள். கனம் தூக்குபவர்களிடம் மறக்காமல் கேளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது, கபாலபாதி (மூச்சை வேகமாக வெளித்தள்ளும் பயிற்சி) செய்யக் கூடாது, தலைகீழ் ஆசனங்கள் கூடாது. கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலை தாழ்வதே ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்திச் சர்க்கரை கொடுங்கள்; ஒரு பொட்டலம் எப்போதும் கையில் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலரோடு பழகி வைத்துக்கொண்டால், யார் மாத்திரையை விட்டுவிட்டார் என்பது போன்ற கவலைகளை அவரிடம் ஒப்படைக்கலாம்.

4. நாற்பது நிமிட வகுப்பு

வழக்கமாகச் சவாசனம், அதாவது அசையாமல் படுத்து ஓய்வெடுப்பது, கடைசியில் வரும். இங்கே அதில்தான் தொடங்குகிறோம்.

முதல் பத்து நிமிடம்: மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். நாற்காலி போதாவிட்டால் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய புடவை. கர்ப்பிணிகள் இடப்பக்கம் சாய்ந்து படுக்கட்டும். நீங்கள் பேசாதீர்கள். சிலர் குறட்டை விடுவார்கள், தூங்கட்டும்.

அடுத்து, படுத்தபடியே ஒவ்வொரு காலாக முழங்காலைப் பிடித்து வயிற்றை நோக்கி இழுப்பது (கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்). பின் பாதங்களைத் தரையில் ஊன்றி இடுப்பைச் சற்றே தூக்கி இறக்குவது, ஆறு முறை. குனிந்தே வேலை செய்யும் முதுகுக்கு இந்த எதிர்ப்பக்க அசைவு இதமானது.

பிறகு சுவரருகே. தோள் உயரத்தில் உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகைப் பூனைபோல வளைத்து, இழுக்கும்போது மார்பை விரிப்பது. தரையில் முட்டி போட்டுச் செய்வதைவிட, மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது எளிது. கழுத்துக்கு, நாற்காலியில் அமர்ந்து மெல்ல வலமும் இடமும் திரும்பினால் போதும். கழுத்தைச் சுழற்றுவது, சிரசாசனம் (தலைகீழாக நிற்பது), சர்வாங்காசனம் (தோள்மேல் நிற்பது) எதுவும் வேண்டாம். அந்தக் கழுத்து ஏற்கெனவே சுமை தாங்கிய கழுத்து.

ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்றுவது மரபை மீறுவதாகாது. 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கிய யோகா ஆசிரியர் டி.கே.வி. தேசிகாச்சார் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது அதைத்தான்.

யாரையும் தொட்டுத் திருத்தாதீர்கள். வீட்டில் அடி வாங்கியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் செய்து காட்டுங்கள், அவர்கள் பார்த்துச் செய்வார்கள். அசைவுகளுக்குச் சமஸ்கிருதப் பெயரும் தேவையில்லை, "இடுப்பைத் தூக்குங்கள்" என்றாலே புரிகிறது. மாதா படமும் பள்ளிவாசல் காலண்டரும் மாட்டிய வீடுகளிலிருந்தும் வருவார்கள். ஓம் சொல்லித் தொடங்கி அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

5. தியானம்

1994இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் விபாசனா தியானப் பயிற்சியில் அமர்ந்தார்கள். அங்கே ஆசிரியர்கள் பத்து நாளும் உடனிருந்தார்கள். உங்களுக்கு இருப்பதோ நாற்பது நிமிடம். மனத்தின் ஆழத்தைக் கிளறிவிட்டு வகுப்பு முடிந்ததும் கிளம்பிப் போய்விடக் கூடாது.

மூன்று நிமிடம் போதும். கண்ணை மூட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சிலருக்கு இருள் பயத்தைத் தரும். தரையில் ஓரிடத்தைப் பார்த்தபடி, காதில் விழும் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆட்டோ, குக்கர் விசில், குழந்தையின் அழுகை. பிறகு மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடுவது.

ஒருவர் அழத் தொடங்கினால் வகுப்பை நிறுத்த வேண்டாம், ஆறுதல் உரையும் வேண்டாம். அருகில் அமர்ந்து தண்ணீர் கொடுங்கள். முடிந்த பிறகு பேச விரும்பினால் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் இலவச டெலிமானஸ் எண் 14416. எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

6. இரண்டு உறுதிமொழிகள்

சர்க்கரை குணமாகும், மாத்திரையை நிறுத்தலாம் என்று எந்நாளும் சொல்லாதீர்கள். படுத்திருக்கும் பெண்களைப் புகைப்படம் எடுக்காதீர்கள், நன்கொடையாளர் கேட்டாலும் சரி.

7. கைமாற்றுங்கள்

மூன்றாம் மாதத்தில், தவறாமல் வருபவர் ஒருவரைச் சுவர்ப் பயிற்சியை நடத்தச் சொல்லுங்கள். பிறகு தொடக்க ஓய்வையும். உடல்நிலை கேட்பதற்கும் எச்சரிக்கைகளுக்கும் நீங்கள் கூடவே இருந்து பழக்குங்கள். எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு, முதல் நாள் என்னிடம் கேள்வி கேட்ட அந்த அக்காவிடம் இருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் அவர் முதலில் சொல்வது: "பாயை விரிங்க, படுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."