விதை எடுத்து வச்ச மிளகாய்க்கு பேர் தெரியலையா? காயை விடுங்க, பூவைப் பாருங்க

திருப்பூர்ல இருக்குற அத்தை ஒரு பேப்பர் மடிப்புல மிளகா விதை குடுத்தாங்க. அவங்களுக்கு பக்கத்து வீட்டுல குடுத்தது, பக்கத்து வீட்டுக்கு வேற யாரோ குடுத்தது. மேல பேனாவுல "மிளகா"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. மாடியில 6 விதை போட்டேன், 4 முளைச்சுது. மூணு செடியில உருண்டையா காய், நாலாவதுல மட்டும் நீளமா, நுனி மழுங்கி வேற மாதிரி. இது என்ன ரகம்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் முழுசா போச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். நாத்து விடுறது, உரம் வைக்கிறது எல்லாம் இதுல இல்ல, செடி பூ விட்டதுக்கு அப்புறம் செய்ய வேண்டியது மட்டும்தான்.

முதல்ல விதை எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதிக்கோங்க. காய்கறிக் கடை பச்சமிளகாயில இருந்து எடுத்த விதைன்னா அது பெரும்பாலும் எஃப்1 ஹைபிரிட், அதாவது ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. அதோட விதையில வர்ற செடிங்க ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா வரும், அதுக்கு ரகப் பேர் தேடுறதுல பிரயோஜனம் இல்ல. நாட்டு விதைன்னு கைமாறி வந்ததுன்னா தேடலாம். ஒவ்வொரு செடிக்கும் நம்பர் போடுங்க. ஐஸ் குச்சியில பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்கு மார்க்கர் ரெண்டே மாசத்துல வெளுத்துரும், பென்சில் எழுத்து அப்படியே நிக்கும்.

அடுத்துதான் முக்கியமான வேலை, பூ. எல்லாரும் காயை போட்டோ எடுத்துப் போட்டுட்டு "இது என்ன மிளகாய்"னு கேக்குறோம், நானும் அப்படித்தான் கேட்டேன், பத்து ஆளு பத்து விதமா பேர் சொன்னாங்க. உருண்டைக் காய், நீளக் காய், மேல பாக்குற காய், கீழ தொங்குற காய் எல்லாமே ஒரே இனத்துக்குள்ளயே வரும், அதனால காயை வச்சு ஆரம்பிச்சா முடிவே கிடைக்காது. மனுஷங்க பயிர் பண்ற மிளகாய் மொத்தம் அஞ்சு இனம்: ஆனுவம், ஃப்ரூட்டசன்ஸ், சைனென்ஸ், பக்காட்டம், புபசென்ஸ். இதுல எதுன்னு பூவும் காம்பும் சொல்லிரும், ரகத்தை அதுக்கு அப்புறம் தேடலாம்.

பூவுல மூணு விஷயம் பாக்கணும்: இதழ் என்ன நிறம், நடுவுல இருக்குற மகரந்தப்பை என்ன நிறம், ஒரு கணுவுல (கிளையில இலை கிளம்புற முடிச்சு) எத்தனை பூ.

இதுல மகரந்தப்பைதான் என்னை ஏமாத்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாத்தேன், வெள்ளை இதழ், நடுவுல மஞ்சளா இருந்துச்சு. மஞ்சள் மகரந்தப்பைன்னா பக்காட்டம்னு படிச்சிருந்தேன், அதனால தென் அமெரிக்க மிளகாய் எப்படியோ திருப்பூருக்கு வந்திருக்குன்னு ரெண்டு வாரம் அதையே தேடிக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில தண்ணி ஊத்தும்போது அப்பதான் விரிஞ்ச பூ ஒண்ணைப் பாத்தா, அதே செடிதான், மகரந்தப்பை அஞ்சும் நாவப்பழச் சாறு பட்ட மாதிரி ஊதா! விஷயம் என்னன்னா, வெயில் ஏற ஏற மகரந்தப்பை வெடிச்சு தூள் வெளிய வந்து மேல அப்பிக்கும், அந்தத் தூள்தான் மஞ்சளா தெரியுது. அதனால காலையில சீக்கிரமே, பூ விரிஞ்ச உடனே பாருங்க. இல்லன்னா நாளைக்கு விரியப் போற மொட்டு ஒண்ணைப் பறிச்சு நகத்தால மெதுவா பிரிச்சுப் பாருங்க, உண்மையான நிறம் உள்ள இருக்கும். இன்னொண்ணு, நிஜமான பக்காட்டத்துக்கு இதழோட அடியில மஞ்சளாவோ பச்சையாவோ புள்ளி இருக்கும். புள்ளி இல்லன்னா பக்காட்டத்தை விட்டுருங்க.

லென்ஸ் விஷயத்துல என் கருத்து: வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல வைக்கிற லென்ஸ் போதும். போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் காத்துல பூ ஆடும்போது போகஸே ஆகாது. செடி பேர் சொல்ற ஆப் எதையும் நம்பி முடிவு பண்ணாதீங்க, என் நாலு செடிக்கும் ஒரே பதில்தான் சொல்லுச்சு.

இப்ப இனம் பிரிக்கலாம். கணுவுக்கு ஒரு பூ, வெள்ளை இதழ், ஊதா மகரந்தப்பைன்னா ஆனுவம். நம்ம சம்பா, குண்டு, குண்டூர் சன்னம், பேடகி, குடமிளகாய் வரைக்கும் எல்லாம் இதுலதான் வரும். இதழ் கொஞ்சம் பச்சை ஓடி, பூக்காம்பு நேரா நிமிந்து, பூ மட்டும் தலை குனிஞ்சு நின்னா ஃப்ரூட்டசன்ஸ், நம்ம காந்தாரி அதுதான். காந்தாரிக்கு இன்னொரு சோதனை இருக்கு, பழுத்த பழத்தை லேசா இழுத்தா புல்லியை (காய்க்கு மேல இருக்குற பச்சைத் தொப்பி) செடியிலயே விட்டுட்டு பழம் மட்டும் கையோட வந்துரும். பறவைங்களுக்கு மிளகாக் காரம் தெரியாது, அதுங்க கொத்திட்டுப் போக அது வசதி. கணுவுக்கு ரெண்டு மூணு பூ, காம்பு காயோட சேர்ற இடத்துல நூல் கட்டி இறுக்கின மாதிரி ஒரு வளையம் இருந்தா சைனென்ஸ், அசாம் பக்கத்து பூத் ஜொலோக்கியா மிளகாய் இந்த வகை. ஊதாப் பூ, மயிர் மயிரா இலை, கருப்பு விதை மூணும் சேந்து இருந்தா புபசென்ஸ், அது குளிர்ப் பிரதேசத்துச் செடி.

என்னோடது ஆனுவம்னு ஆச்சு. இப்பதான் காய்க்கு வரணும். ஒரு செடிக்கு அஞ்சு காயாவது முழுசா பழுக்க விட்டு எடுங்க. முதல் காயை வச்சு முடிவு பண்ணாதீங்க, அது பல சமயம் கோணலா வரும். இலை சுருட்டை வந்த செடியோட காயையும் கணக்குல எடுக்காதீங்க. நீளம், அகலம், நுனி, தோல் தடிமன், பழுத்த நிறம் எல்லாம் ஸ்கேல் வச்சு நோட்ல எழுதுங்க. அப்புறம் வெயில்ல சருகாக் காய வைங்க, பச்சையில தெரியாத குணம் வத்தல்ல தெரியும். என் மூணு செடிக் காயும் காஞ்சப்புறம் உருண்டை கெடாம, பளபளன்னு கருஞ்சிவப்பா, காதுகிட்ட வச்சுக் குலுக்கினா விதை கலகலன்னு உருண்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு சந்தேகம் போயிருச்சு. குண்டு மிளகாய், ராமநாதபுரம் பக்கம் முண்டுன்னு சொல்றது. 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது அதுக்குத்தான். பேடகியா இருந்தா வத்தல் நீளமா சுருக்கம் சுருக்கமா இருக்கும், நிறம் தூக்கலா, காரம் கம்மியா இருக்கும். ஆனா என் செடி ராமநாதபுரத்துல இருந்து வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது, அதனால நோட்ல "குண்டு வகை"ன்னு மட்டும்தான் எழுதி வச்சிருக்கேன். நீங்களும் தெரிஞ்ச அளவுக்கு மட்டும் பேர் எழுதுங்க. தப்பான பேரோட கைமாறுற விதை, பேர் இல்லாத விதையை விட மோசம்.

காரத்தை வச்சு ரகம் சொல்லாதீங்க. காரம் உருவாகுறது விதையில இல்ல, விதை ஒட்டியிருக்குற வெள்ளைச் சதையில. தண்ணி குறைஞ்சா, வெயில் கூடினா ஒரே செடியில கூட காரம் மாறும்.

நாலாவது செடிக்கு வருவோம். மிளகாய் தனக்குத்தானே மகரந்தம் சேத்துக்கும், ஆனாலும் தேனீயும் எறும்பும் வேற செடி மகரந்தத்தைக் கொண்டு வந்துரும். அப்படி கலந்தா அந்த வருஷக் காய் மாறாது, அம்மாச் செடி காய் மாதிரியேதான் இருக்கும், கலப்பு விதைக்குள்ள இருக்கும், அடுத்த வருஷம் செடியிலதான் வெளிய வரும். அத்தை வீட்டுப் பக்கம் யாரோ நீள மிளகாயும் வச்சிருந்திருக்காங்க. இதுக்கு ரகப் பேர் கிடையாது, "அத்தை-4"ன்னு குச்சியில எழுதி வச்சிருக்கேன்.

பின்னால சேர்த்தது: ஒருத்தங்க "கணுவுக்கு அஞ்சு பூ, அப்ப சைனென்ஸா?"ன்னு கேட்டிருந்தாங்க. கொத்தாக் காய்க்கிற ஆனுவமும் இருக்கு. காம்பு சேர்ற இடத்துல அந்த இறுக்கின வளையம் இருக்கான்னு பழுத்த காயில பாருங்க, இல்லன்னா ஆனுவம்தான். இன்னொருத்தங்க ஒரே ஒரு பூதான் இருக்குன்னு சைனென்ஸ் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. கூட இருந்த பூ கொட்டியிருக்கலாம், கணுவுல சின்னச் சின்ன தழும்பு இருக்கும், அதையும் எண்ணுங்க.

ரெண்டாவது சேர்ப்பு: சென்னையில ஊதாப் பூ வந்துருச்சு, புபசென்ஸான்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. அழகுக்கு வைக்கிற ஆனுவத்துலயும் ஊதாப் பூ உண்டு. காயை வெட்டிப் பாருங்க, விதை வெளிர் மஞ்சளா இருந்தா அது புபசென்ஸ் இல்ல.

விதை எடுக்கப் போறீங்கன்னா, வேற செடி மகரந்தம் கலக்காம இருக்க, மொட்டு விரியுறதுக்கு முந்தின நாளே கல்யாணத்துல தாம்பூலம் போட்டுக் குடுக்குற வலைப்பையை அந்தக் கிளையில மாட்டிருங்க. பிஞ்சு பிடிச்சதும் பையை எடுத்துட்டு அந்தக் காம்புல சிவப்பு நூல் கட்டுங்க, விதைக்கு அந்தக் காய் மட்டும்தான்.