எம்ஜிபி வாங்கும் முன் சில்லைப் பாருங்கள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரான கார் எம்ஜிபி. முதன்முதலாகப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு இதுவே தோதான வண்டி. வாஷரிலிருந்து முழு பாடி வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. இன்ஜின் கோளாறைச் சரிசெய்துவிடலாம்; பணத்தை விழுங்குவது துருப்பிடித்த பாடிதான்.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. துணிக்கூரை கொண்ட ரோட்ஸ்டர் வகையில் உலோகக் கூரையும் இல்லாததால், கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டிகள்தான் வண்டியை வளையாமல் தாங்குகின்றன. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு, சக்கரத்தை மூடியிருக்கும் பக்கத் தகடான விங்குக்குள் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். பெயின்ட் கொப்புளித்துக் கண்ணில் படும்போது உள்தகடு பாதி போயிருக்கும்.

எனவே ஒரு காந்தமும் டார்ச்சும் கொண்டுபோங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில்லின் மேலும் விங்கின் கீழ்ப்பகுதியிலும் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அடுத்து, ஜாக்கியை அதற்குரிய இடத்தில் கொடுத்து மெல்லத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவின் இடைவெளி சுருங்கினாலோ, கதவு இடித்தாலோ வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். தகடு நசுங்கும் கரகர சத்தம் கேட்டால் தூக்குவதை அங்கேயே நிறுத்திவிட்டு, வேறு வண்டி தேடுங்கள்.

"புது சில் போட்டாச்சு" என்று விற்பவர் சொன்னால், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். சில் முன்விங்குக்கு உள்ளேயும் நீள்கிறது. விங்கைக் கழற்றாமலோ அதன் கீழ்ப்பகுதியை வெட்டாமலோ முழுதாக மாற்ற முடியாது. துருத் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வெல்டு வைத்து மூடுவதுதான் வழக்கமான ஏமாற்று.

1974 இறுதியிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகள் விலை மலிவு. அமெரிக்க விதிகளுக்காக உயரம் கூட்டப்பட்டதால் வளைவில் அதிகம் சாயும். ஆனால் துருப்பிடித்த, அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டியைவிட நல்ல ரப்பர் பம்பர் வண்டியே மேல்.

ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். மணிக்கு 50 மைல் வேகத்தில் ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 70 பவுண்டு காட்ட வேண்டும். ஸ்போக் வீல் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது பின்பக்கம் "டக்" என்றால் சக்கரம் மாட்டும் ஹப்பின் பல் தேய்ந்திருக்கலாம். வேகமாக ஓடும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர் டிரைவ் வேலை செய்யாவிட்டால் முதலில் வயரையும் சுவிட்சையும் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதற்காக விட்டுவிடாமல், ஆண்டுக்கொரு முறை பிரேக்கையும் அடிப்பாகத்தையும் சோதிக்கக் கொடுங்கள்.

வாங்கிய பின் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடியுங்கள். காய்ந்தால் ஸ்டியரிங் கனத்துப்போகும். எஸ்யூ கார்புரேட்டர்களின் மேல்மூடியைத் திருகி எடுத்து உள்ளே ஆயில் இருக்கிறதா பாருங்கள். மூடியைத் திரும்ப இறக்கும்போது, அது உட்காருவதற்குச் சற்று முன்பே தடை தெரிய வேண்டும். ஆயில் வற்றினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும். இ10 பெட்ரோலில் (10% வரை எத்தனால் கலந்தது) உள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களை அரிக்கும். எத்தனால் குறைந்த இ5 போடுங்கள், ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

துணிக்கூரையை ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். குளிரில் மடித்தால் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் விரிசல் விடும். வெயிலில் சற்று இளகிய பிறகு மடித்துவிட்டுக் கிளம்புங்கள்.