தெருமுனையில் சூரியன் இறங்கும் தேதியை நாமே கணிக்கலாம்

நியூயார்க்கில் மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் சூரியன் குறுக்குத் தெருக்களின் நட்டநடுவில் இறங்கும். மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்பார்கள். அந்தத் தேதி செய்தியிலேயே வந்துவிடும். உங்கள் வீட்டுத் தெருவுக்கு யார் சொல்வார்கள்? சைன், கொசைன் உள்ள கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதல் வேலை, தெருவின் திசையை அளப்பது. போன் காம்பஸை நம்பாதீர்கள். நியூயார்க்கில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து 13 டிகிரி அளவுக்கு மேற்கே விலகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கார் நின்றால் முள் இன்னும் ஆடும். கூகுள் எர்த்தில் அளவுகோலை எடுத்து, தெரு நேராகப் போகும் கடைசி வரை கோடு இழுங்கள். கோடு நீளமாக இருந்தால் பிழை குறையும். 1811-ஆம் ஆண்டுத் திட்டப்படி போட்ட மன்ஹாட்டன் தெருக்களுக்கு 299 டிகிரி வரும். அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 29.

அப்புறம் கணக்கு. அந்த விலகலின் சைனை ஊர் அட்சரேகையின் கொசைனால் பெருக்குங்கள். 29-க்கு சைன் 0.485. நியூயார்க்கின் 40.75-க்கு கொசைன் 0.758. பெருக்கினால் 0.367; எந்தக் கோணத்துக்கு இது சைன் என்று பார்த்தால் 21.6 டிகிரி. பஞ்சாங்கக்காரர்கள் கிராந்தி என்பது இதைத்தான்: சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும். கிராந்தி அட்டவணையில் தேடினால் மே 28, ஜூலை 14 வாக்கில் நிற்கும்.

சூரியனின் கிராந்தி 23.44 டிகிரிக்கு மேல் போவதில்லை; விடை அதைத் தாண்டினால் ஆசையை விட்டுவிடுங்கள். இதே 29 டிகிரித் தெரு சென்னையில் இருந்தால் 28 வரும். சூரியன் அங்கே எட்டவே எட்டாது. சென்னைக்கு எல்லை சுமார் 24 டிகிரி விலகல்தான்.

சரி, மே 28 வருகிறதே, எல்லாரும் 29, 30 என்கிறார்களே? நம் கணக்கு, சூரியன் அடிவானத்தைத் தொடும் நொடிக்கானது. நமக்கோ முழு வட்டமும் சாலைக்கு மேலே தெரிய வேண்டும். நியூயார்க்கில் சூரியன் வலப்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது, ஒரு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி வலது. ஆகவே மேலே இருக்கும்போதே தெருவுக்கு நேராக வர, இன்னும் கொஞ்சம் வடக்கே மறைகிற நாள் வேண்டும். அதனால்தான் முழுச் சூரியன் பெரும்பாலும் மே 30, ஜூலை 11; பாதிச் சூரியன் மே 29, ஜூலை 12. தெருமுனையில் கட்டடமோ மேடோ இருந்தால் இன்னும் தள்ளும். அதன் உயரத்தை அளக்க, கையை நீட்டிச் சுண்டுவிரலை அதற்கு நேராகப் பிடியுங்கள், விரலின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக விழுவதால் இந்தத் திருத்தம் கால் பங்குதான்.

நேர் கிழக்கு மேற்குத் தெரு என்றால் கணக்கே வேண்டாம்: மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் போய் நில்லுங்கள். சிகாகோக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை. ஆனால் அப்போது சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி நகரும், மேகம் வந்தால் போச்சு.

42-வது தெருவில் கிரைஸ்லர் கட்டடம் சட்டகத்தில் வரும் என்று டியூடர் சிட்டி பாலத்தில் மதியமே இடம் பிடித்துவிடுகிறார்கள். என் ஓட்டு 34-வது தெருவுக்கு, எம்பயர் ஸ்டேட் கிடைக்கிறதே. ஜூம் லென்ஸ் வழியாகக் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள். கூட்டமே பிடிக்காதென்றால் இதே தெருக்களில் டிசம்பர் தொடக்கத்திலும் ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கிலும் கிழக்கே திரும்பி நில்லுங்கள். உதயம் அதே கோட்டில்தான். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.