அடையாளத் திருட்டும் அட்டை மோசடியும்: பயிற்சிக் காவலர்களுக்கான சட்ட வழிகாட்டி

மலேசியச் சட்டங்களில் ‘அடையாளத் திருட்டு’ என்ற பெயரில் தனியொரு குற்றப்பிரிவு கிடையாது. பயிற்சியை முடித்துக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு நிலையத்தின் புகார் முகப்பில் முதன்முதலாக அமரும் இளங்காவலர் பலரும் தடுமாறும் இடம் இதுதான். எதிரே இருப்பவர், “என் ஐசியை வைத்து யாரோ கடன் வாங்கிவிட்டார்கள்” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். சட்டத்தில் அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. எடுத்தது, வைத்திருந்தது, பயன்படுத்தியது, கிடைத்த பணத்தை நகர்த்தியது என்று நடந்த செயல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பிரிவைத் தேட வேண்டும். ஒவ்வொரு செயலையும் வேறொருவர் செய்திருக்கவும் கூடும். இந்தப் பிரித்தறியும் பழக்கத்தை விளக்குவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

பயிற்சிக்காகப் புனைந்த ஒரு நிகழ்வைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுன் சௌரஸ்தா சந்தைக்கு அருகில் காலை 10 மணிக்கு 61 வயது அம்மா ஒருவரின் கைப்பை பறிபோகிறது. அதில் அவருடைய மைகாட் (ஐசி எனப்படும் தேசிய அடையாள அட்டை), வங்கி அட்டை, இரகசிய எண்ணை எழுதிவைத்த தாள் ஆகியவை இருந்தன. அரை மணி நேரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அட்டையைத் தொட்டு 180 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கப்படுகிறது. அடுத்துப் பணப்பட்டுவாடா இயந்திரத்தில் 1,500 ரிங்கிட் எடுக்கப்படுகிறது. ஒரு வாரம் கழித்து அவர் பெயரில் புதிய கைத்தொலைபேசி எண் பதிவாகிறது. அந்த எண்ணைக் கொண்டு 4,800 ரிங்கிட் இணையக் கடன் பெறப்பட்டு, பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓர் இளைஞரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அந்த இளைஞர் தம் கணக்கை 300 ரிங்கிட்டுக்கு ‘வாடகை’க்கு விட்டிருக்கிறார்.

கைப்பை பறிபோனதிலிருந்து தொடங்குவோம். பொருளை மட்டும் பறித்துக்கொண்டு ஓடியிருந்தால், அது குற்றவியல் சட்டத்தின் 379ஆவது பிரிவின் கீழ் வரும் திருட்டு; அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. பறிப்பதற்காக அந்த அம்மாவைத் தள்ளிக் காயப்படுத்தியிருந்தால், 390ஆவது பிரிவின் விளக்கப்படி அது கொள்ளையாகி, 394ஆவது பிரிவின் கீழ் 20 ஆண்டு வரை தண்டனைக்குரியதாகும். இந்த வேறுபாடு நீதிமன்றத்தில்தானே தேவைப்படும் என்று பயிற்சியாளர்கள் எண்ணுவதுண்டு. உண்மையில் கைது செய்த மறுநாளே அது வேலையைக் காட்டிவிடும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை கொண்ட குற்றத்துக்கு மாஜிஸ்திரேட் முதல் முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள் வரையே தடுப்புக் காவல் வழங்க முடியும். 14 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை கொண்ட குற்றமானால் ஒவ்வொரு முறையும் 7 நாள் வரை வழங்கலாம். ஆகவே, “கீழே விழுந்தீர்களா, எங்காவது அடிபட்டதா, மருத்துவரைப் பார்த்தீர்களா?” என்ற கேள்விகள் விசாரணைக்குக் கிடைக்கும் நாட்களின் எண்ணிக்கையையே மாற்றிவிடக்கூடும். ஆனால் கூடுதல் நாட்கள் வேண்டும் என்பதற்காகச் சொல்லாத காயத்தை எழுதுவது வேறொரு வழக்கைத் தொடங்கிவைக்கும். அந்த வழக்கு எழுதியவர் மீதுதான் வரும்.

பிறருடைய மைகாட்டைச் சட்டபூர்வக் காரணமின்றிக் கையில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தனிக் குற்றம். 1990ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிமுறைகளின் 25(1)(இ) விதி இதற்குரியது. 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய மோசடியை நிரூபிக்கச் சான்று போதாத நிலையிலும், சோதனையின்போது வேறொருவரின் அட்டை சந்தேக நபரின் பணப்பையில் கிடைத்திருந்தால் இவ்விதி தனித்து நிற்கும். எளிய விதி என்று இதை ஒதுக்க வேண்டாம்.

ஏமாற்றப்பட்டவர் யார்?

இவ்வகை வழக்குகளில் மிகுதியாகக் குழப்பம் நேர்வது இந்தக் கேள்வியில்தான். குற்றவியல் சட்டத்தின் 415ஆவது பிரிவு ‘ஏமாற்றுதல்’ என்பதை விளக்குகிறது. ஒருவரை ஏமாற்றி, அதன் விளைவாக அவர் பொருளைக் கொடுக்கவோ, செய்யக்கூடாததைச் செய்யவோ தூண்டப்பட்டிருக்க வேண்டும். பணத்தை இழந்தவரும் ஏமாற்றப்பட்டவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைபேசி எண் பதிவில் ஏமாந்தவர், அந்த அம்மா என்று நம்பி எண்ணைக் கொடுத்த கடைக்காரர். இணையக் கடனில் ஏமாந்தது கடன் நிறுவனம். அந்த அம்மாவுக்கோ அன்றைய தினம் எதுவுமே தெரியாது. குற்றச்சாட்டில் ‘அம்மாவை ஏமாற்றினார்’ என்று எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையின் முதல் கேள்விக்கே வழக்கு தள்ளாடத் தொடங்கும்.

பிறர் போல நடித்து ஏமாற்றுவது 416ஆவது பிரிவில் விளக்கப்பட்டு, 419இன் கீழ் 7 ஆண்டு வரை தண்டிக்கப்படுகிறது. நடிக்கப்பட்டவர் உண்மையில் இருக்கும் மனிதராகவோ கற்பனை மனிதராகவோ இருக்கலாம் என்று அப்பிரிவின் விளக்கமே சொல்வதால், உண்மையான ஐசி எண்ணோடு பொய்ப் பெயரைக் கலந்து உருவாக்கிய ‘ஆள்’ கூட இதற்குள் அடங்கும். ஏமாற்றியதன் வழியாகப் பணமோ பொருளோ கைமாறியிருந்தால் 420ஆவது பிரிவு வருகிறது. அதற்கு ஓராண்டுக்குக் குறையாமலும் 10 ஆண்டுக்கு மேற்படாமலும் சிறை, பிரம்படி, கூடவே அபராதம். விண்ணப்பப் படிவத்தில் பொய்க் கையொப்பமோ திருத்திய சம்பளச் சீட்டோ இருந்தால், ஏமாற்றும் நோக்கத்துடன் பொய் ஆவணம் தயாரித்ததற்கு 468ஆவது பிரிவையும், அதை உண்மையானது போலப் பயன்படுத்தியதற்கு 471ஆவது பிரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணப்பட்டுவாடா இயந்திரத்தில் நடந்தது இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கே நம்பி ஏமாந்த மனிதர் யாரும் இல்லை. சரியான எண் அழுத்தப்பட்டதும் இயந்திரம் பணத்தைத் தந்தது. எனவே 420ஐ உடனே கையில் எடுக்காமல், 379ஆவது பிரிவையும் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தையும் முதலில் பொருத்திப் பார்ப்பது நல்லது. அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு அனுமதியின்றிக் கணினியிலுள்ள தரவை அணுகுவதைக் குற்றமாக்குகிறது; 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மோசடி செய்யும் எண்ணத்தோடு அவ்வாறு அணுகியிருந்தால் 4ஆவது பிரிவின் கீழ் அது 150,000 ரிங்கிட், 10 ஆண்டு என உயர்கிறது. அணுகியவருக்குத் தமக்கு அனுமதி இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருக்கும். கடவுச்சொல்லை உரிமையில்லாதவரிடம் கொடுப்பதற்கு 6ஆவது பிரிவு உண்டு. குற்றமோ குற்றவாளியோ வெளிநாட்டில் இருந்தாலும், சம்பந்தப்பட்ட கணினியோ தரவோ அவ்வேளையில் மலேசியாவில் இருந்திருந்தால் 9ஆவது பிரிவு கைகொடுக்கிறது. இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பதால், துணை அரசாங்க வழக்கறிஞரிடம் கோப்பைக் கடைசி நேரத்தில் கொண்டுபோய் நிற்பது விவேகமன்று.

பெட்ரோல் நிலையத்தில் அட்டையைத் தொட்டு வாங்கியதை எதில் சேர்ப்பது? 250 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகையாதலால் இரகசிய எண் கேட்கப்படவில்லை. காசாளர் ஒருவர் அட்டையை அவருடையது என்று நம்பிப் பொருளைக் கொடுத்திருந்தால் ஏமாற்றுதல் பொருந்தும்; மனிதரில்லாத முகப்பானால் மேலே சொன்ன சிக்கல் திரும்ப வரும். எனவே காசாளரின் வாக்குமூலத்தைத் தவறாமல் எடுங்கள். அவர் அடுத்த மாதம் வேலை மாறிப் போயிருப்பார்.

கணக்கை வாடகைக்கு விட்டவர்

இவரை ‘கெல்டாய்’ (மலாயில் ‘கழுதை’) என்றே நிலையங்களில் சொல்கிறார்கள். “எனக்கு எதுவும் தெரியாது சார், கூட்டாளி கேட்டான், கொடுத்தேன்” என்பதே பெரும்பாலும் இவர்களுடைய பதில். முன்பு இவர்கள் மீது 424ஆவது பிரிவு, 420உடன் சேர்த்துப் படிக்கப்படும், உடந்தைக்கான 109ஆவது பிரிவு, அல்லது 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. உடந்தை என்று நிரூபிக்க எண்ணத்தைக் காட்ட வேண்டும். அது எளிதாக இல்லை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குற்றவியல் சட்டத்தில் 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, பிறருடைய கணக்கையோ பணம் செலுத்தும் அட்டையையோ சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பதும், தம் கணக்கைப் பிறர் கட்டுப்பாட்டில் கொடுப்பதும் தனிக் குற்றங்களாயின. நிகழ்வு எந்தத் தேதியில் நடந்தது என்பதைப் பார்த்த பிறகே புதிய பிரிவைத் தொடுங்கள். சட்டம் நடப்புக்கு வருவதற்கு முந்தைய செயலுக்கு அது பொருந்தாது. தொகை பெரிதாகி, பல கணக்குகள் வழியாகப் பணம் பிரிந்து போயிருந்தால் 2001ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவும் உண்டு. அது 15 ஆண்டு வரை சிறை விதிப்பதாகும். இளங்காவலர் அதைத் தாமாக முடிவு செய்யாமல் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் மணி நேரமும் வாக்குமூலமும்

பணம் போய்க்கொண்டிருக்கும்போதே புகார் வந்தால், எழுதுவதற்கு முன் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கோ வங்கிக்கோ புகார்தாரரையே அழைக்கச் சொல்லுங்கள். பணம் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவிவிட்டால் திரும்பப் பிடிப்பது கடினம். சந்தேகக் கணக்கு எண்ணை ‘செமாக் மியூல்’ தளத்தில் தேடிப் பார்ப்பதற்குச் சில நொடிகளே ஆகும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின் கீழ் எடுக்கப்படும் முதல் தகவல் எழுத்தில் பதிவாகி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். புகார் மலாயில் எழுதப்படுகிறது. சௌரஸ்தாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வரும் முதியவர் தமிழில்தான் சொல்வார். தமிழறிந்த காவலர் அருகில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது சலுகையன்று, வழக்கின் தேவை. “அம்மா, அட்டையைக் கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குக் கையில் பார்த்தீர்கள்?” என்று தொடங்கி நேர வரிசையில் கேளுங்கள். இரகசிய எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்ததைச் சொல்ல அவர் வெட்கப்படுவார். அதனால் திருடனின் குற்றம் குறையாது என்று முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது விடுபட்டால், எதிர்த்தரப்பு அதைக் கண்டெடுத்து அவருடைய சாட்சியம் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

பெயரைவிட 12 இலக்க ஐசி எண்ணை நம்புங்கள். நம்மவர் பெயர்கள் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) சேர்ந்து நீண்டு, வங்கி அட்டையில் பாதியில் வெட்டப்பட்டிருக்கும். ஒரே பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கூட்டில் இருப்பதும் வழக்கமே. எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், அதில் 07 பினாங்கையும் 14 கோலாலம்பூரையும் குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆண் ஒருவர் கொடுத்த விண்ணப்பத்தில் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும். வங்கி அட்டை எண்ணைப் புகாரில் முழுவதுமாக எழுத வேண்டாம். முதல் ஆறும் கடைசி நான்கும் போதும். பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணை எங்குமே எழுதக்கூடாது. புகாரின் நகல் எத்தனை கைகளுக்குப் போகும் என்பது நமக்கே தெரியும்.

சான்றுகளைத் திரட்டுதல்

கண்காணிப்புக் கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்து புதியவை மேலே ஏறிவிடும். பெட்ரோல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அன்றே எழுத்துப்பூர்வக் கடிதம் போக வேண்டும். ஆவணங்களைக் கேட்க நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவு இருக்கிறது. சோதனையில் கைப்பற்றிய ஒவ்வொன்றும் 64ஆவது பிரிவின்படி பட்டியலில் ஏறிக் கையொப்பமிடப்பட வேண்டும். கைத்தொலைபேசியாக இருந்தால் நிறம், மாதிரி என்று மட்டும் எழுதாமல் கருவியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணையும் குறித்து, உடனே இணைப்பைத் துண்டித்து வையுங்கள். தொலைவிலிருந்தே தரவை அழித்துவிட முடியும். கடவுச்சொல்லைக் கோரும் அதிகாரம் 116பி பிரிவின் கீழ் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்கே உண்டு. கோப்ரல் ஒருவர் ஆர்வத்தில் தொலைபேசியைத் திறந்து உரையாடல்களைப் புரட்டிக்கொண்டிருந்தால், பின்னர் அந்தத் தரவின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும்.

வங்கிப் பதிவேடு, இயந்திரப் பதிவு, கேமராக் காட்சி ஆகிய எல்லாமே கணினி உருவாக்கிய ஆவணங்கள். சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி, அவை வழக்கமான பயன்பாட்டில் உருவானவை என்று அந்தக் கணினியை நிர்வகிக்கும் பொறுப்பிலுள்ளவர் சான்றிதழ் தரலாம், அல்லது நேரில் வந்து சாட்சியம் சொல்லலாம். சான்றிதழில் கையெழுத்திடுபவர் உண்மையிலேயே அந்தப் பொறுப்பில் இருப்பவர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முகப்பில் இருந்த எழுத்தரிடம் வாங்கிய கையெழுத்து உதவாது. சந்தேக நபர் காவலில் சொன்ன ஒப்புதலை நம்பிக் கோப்பை முடிக்க முடியாது, ஏனெனில் நடைமுறைச் சட்டத்தின் 113ஆவது பிரிவு அதை அரசுத் தரப்புச் சான்றாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தால், சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அந்தப் பகுதியை மட்டும் உள்ளே விடும். அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே குறித்து வைப்பது இதற்காகத்தான்.

குற்றவாளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த அம்மாவின் பெயரில் கடன் நிற்கிறது. புகாரின் நகலோடு கடன் நிறுவனத்துக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கவும், பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் தம் பெயரில் வேறு கடன்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கவும், தேசியப் பதிவு இலாகாவில் புதிய மைகாட்டுக்கு விண்ணப்பிக்கவும் அவருக்கு வழி காட்டுங்கள். புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்த பின், வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்தால், விசாரணையின் நிலையை நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின் கீழ் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கோரிக்கை கிடைத்த இரண்டு வாரங்களுக்குள் பதில் தர வேண்டியது நிலையத்தின் கடமை.