வேறு புற்றுநோய்க்கு எடுத்த ஸ்கேனில் மார்பில் ஏதோ தெரிந்தால்

நுரையீரலுக்கோ கர்ப்பப்பைக்கோ எடுத்த சிடி, பெட்-சிடி (சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தை ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடம் ஒளிர்வதைக் காட்டும் ஸ்கேன்) அறிக்கையில் ‘மார்பில் சிறு முடிச்சு, மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) பார்க்கவும்’ என்று ஒரு வரி கிடக்கும். பெரிய நோயின் பதற்றத்தில் அது கண்ணில் படாமலே போய்விடும். அந்த வரியை அடிக்கோடிட்டு, புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

பழைய படங்களை முதலில் சேருங்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரே ஆளுக்கு ஒரு ஸ்கேன் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் அடுத்தது மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ எடுத்திருப்பார்கள். அறிக்கைத் தாள் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடு வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் மாறாத முடிச்சென்றால் கவலை பெரிதும் குறையும்.

அடுத்தது மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும். அன்று அக்குளில் பவுடர் போடாதீர்கள். அது படத்தில், சில புற்றுகளில் காணும் சுண்ணாம்புத் துகள் போலவே தெரியும். பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் புற்று, ஒளிராவிட்டால் இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத மார்புக் கட்டி), சீழ்க்கட்டி, பால் கொடுக்கும் மார்பு எல்லாம் ஒளிரும், 1 செ.மீ.க்குக் குறைந்த புற்றும் பால் சுரப்பி மடல்களில் தோன்றும் லோபுலார் வகைப் புற்றும் மங்கலாக இருக்கலாம். ஆனாலும் ஒரே புள்ளியில் குவிந்து ஒளிர்வதை விசாரிக்காமல் விடக் கூடாது. புராஸ்டேட்டுக்கு ஹார்மோன் மருந்து எடுக்கும் ஆண்களுக்குக் காம்பின் பின்னால் தெரிவது பெரும்பாலும் சாதாரண மார்பு வீக்கம். காம்பை விட்டு விலகிய முடிச்சு அப்படியல்ல.

மார்புப் படத்தில் புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் பைராட்ஸ் எண் 4 அல்லது 5 என்று வந்தால் திசு எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியில் செல் மட்டுமே வரும். சிறு திசுத் துண்டையே எடுக்கும் 14 கேஜ் (தடிமன் அளவு) கோர் ஊசிதான் சரி. கீமோ நடந்தால் முதலில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆய்வக விண்ணப்பத்தில்தான். முதல் புற்றுநோய் எது, எப்போது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), மெலனோமா (தோலின் நிறமிச் செல் புற்று), நுரையீரல், சினைப்பைப் புற்றுகள் மார்புக்குப் பரவக்கூடும். விவரம் தெரிந்தால்தான் நோயியல் மருத்துவர் செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று காட்ட உதவும் டிடிஎஃப்-1, பாக்ஸ்-8, கேட்டா-3 போன்ற சாயங்களைப் போட்டு, பரவியதா புதிதாக வந்ததா என்று பிரிப்பார். இரண்டுக்கும் சிகிச்சையே வேறு.

திசுவை உப்புநீரில் அல்ல, அது கெடாமல் காக்கும் 10% ஃபார்மலின் கரைசலில் உடனே போட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தாலோ 72 மணி நேரத்தைத் தாண்டினாலோ மார்புப் புற்றின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) முடிவுகளை நம்ப முடியாது. எனவே பொங்கல் போன்ற நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ திசு எடுத்தால், ஆய்வகம் என்று திறக்கும் எனக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

முதல் நோய் மிக முற்றியிருந்தால், இந்த ஊசி சிகிச்சையை மாற்றுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள். மாற்றாதென்றால் நோயாளியைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை.